பெய்யும் என்று சொன்னவர் விதைக்கிறார்

ஆவணி கடைசியில் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எந்த டீக்கடையில் நின்றாலும் பேச்சு மழையைப் பற்றித்தான் இருக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மானாவாரி. கரிசல் நிலம் ஓர் உழவு மழைக்காக வெடித்துக் கிடக்கும். எல்லோரும் அதே மேகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் வினைச்சொல்லின் வால் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

"பெய்யலாம்" என்கிறார் ஒருவர். அவர் எதையும் பணயம் வைக்கவில்லை. "பெய்ஞ்சாலும் பெய்யும்" என்பவருக்கு நம்பிக்கை போய்விட்டது, ஆனாலும் கைவிட மனம் வரவில்லை. "பெய்யணும்ப்பா" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதில் கணிப்பைவிட வேண்டுதல் அதிகம். உரக்கடையில் வைத்திருக்கும் கடனும் அந்த 'ணும்'முக்குள் இருக்கும். "இந்நேரம் பெய்ஞ்சிருக்கணுமே" என்பதில் நாட்கணக்கும் இருக்கிறது, வானத்தின்மேல் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவரும் வராத பேருந்தைப் பற்றி இதே வடிவத்தில்தான் பேசுகிறார். நடக்க வேண்டிய முறை ஒன்று உண்டு, அது தவறிவிட்டது என்பதே அதன் பொருள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'ஷுட்' என்ற ஒரே சொல்லால் கடமையையும் எதிர்பார்ப்பையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். நம் 'ணும்'மும் அப்படித்தான். கடமை, கணிப்பு, வேண்டுதல் மூன்றையும் அது தாங்குகிறது.

இவற்றுக்கு முன்னால் துணைக்கு வந்து நிற்கும் சொற்களும் கவனிக்கத் தக்கவை. அநேகமா, எப்படியும், கண்டிப்பா, நிச்சயமா. "கண்டிப்பா பெய்யும்" என்பது வெறும் "பெய்யும்" என்பதைவிட உறுதியானது என்று தோன்றும். காதால் கேட்டால் நேர்மாறு. சந்தேகம் எட்டிப் பார்க்கும்போதுதான் 'கண்டிப்பா' வருகிறது. நாளைக்குப் பொழுது விடியும் என்பதற்கு யாரும் 'கண்டிப்பா' சேர்ப்பதில்லை. ஆங்கிலத்திலும் 'ஷ்யூர்லி' என்று ஆரம்பிப்பவர் பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் தலையசைப்பை எதிர்பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்.

எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது துணை எதுவும் இல்லாத 'பெய்யும்'தான். "ஐப்பசியில மழை பெய்யும்" என்று ஒருவர் சொன்னால் அவர் வரப்போகும் ஐப்பசியைச் சொல்கிறாரா, ஒவ்வொரு ஐப்பசியையும் சொல்கிறாரா? இரண்டையும்தான். நம் மொழியில் வழக்கத்துக்கும் வருங்காலத்துக்கும் ஒரே வடிவம். தொல்காப்பியம் வினையியலில் இதைக் கவனித்துச் சொல்கிறது: மூன்று காலத்திலும் மாறாமல் இருக்கும் இயற்கைப் பொருள்களைச் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் சொல்ல வேண்டும். மலை நிற்பதையும் ஞாயிறு இயங்குவதையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டுவார்கள். ஆகவே 'பெய்யும்' என்பவர் வருங்காலத்தை ஊகிப்பதோடு நிற்பதில்லை. தாத்தா காலத்திலிருந்து பார்த்த மழையை எல்லாம் சாட்சிக்கு அழைக்கிறார்.

அந்தச் சாட்சியும் பொய்த்துப் போகும். எப்போதும் இப்படித்தான் என்று நாம் நம்பும் நிலம்கூட மாறியிருக்கிறது. பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இன்று சிமென்ட் லாரிகள் ஓடும் தரை ஒருகாலத்தில் கடலடி. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான மரம் கல்லாகிக் கிடக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2018-இல் மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லோரும் கதிர் வரும் என்றுதான் போட்டார்கள். அந்த ஆண்டுதான் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. குருத்துக்குள் புகுந்து தின்னும் அந்தப் புழுவை இங்கே யாரும் அதற்குமுன் கண்டதில்லை. அனுபவம் தந்த 'வரும்' அதன்முன் நிற்கவில்லை.

ஆனாலும் அப்படி நம்பிப் போட்ட விவசாயி பேசியது தவறான மொழி என்று சொல்ல எனக்கு மனம் வராது. 'வரும்' என்று சொன்ன அவர் தன் விதையை, தன் உழைப்பை, கடன் வாங்கிய பணத்தை அந்தச் சொல்லின் பின்னால் நிறுத்தினார். பொய்த்தபோது அடி முதலில் அவர்மேல் விழுந்தது. பெய்யும் என்று சொன்னவர் விதைக்கிறார். ஒரு 'உம்' நேர்மையானதா என்று அறிய எனக்குத் தெரிந்த உரைகல் இது ஒன்றுதான்: சொன்னவர் அதற்காக எதை இழக்கத் தயாராக இருக்கிறார்?

பாலம் கட்டுகிறவர்களும் ஒரு 'உம்' சொல்கிறார்கள். பாலம் தாங்கும் என்பது அது. 1956 நவம்பர் 23 அதிகாலையில், கொட்டும் மழையில், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் அந்தச் சொல்லை அடித்துக்கொண்டு போனது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் ரயில் விபத்தின்போதே அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தார், நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். அந்தப் பாலத்தைச் சாஸ்திரி கட்டவில்லை. தாங்கும் என்று தன் துறை நாட்டுக்குச் சொல்லியிருந்ததைத் தன் சொல்லாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த அளவுகோலோடு நம் காலத்து அறிவிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். அமைக்கப்படும், வழங்கப்படும், ஆவன செய்யப்படும். மலைக்கும் சூரியனுக்கும் உரிய அதே 'உம்', ஆனால் செய்பவர் பெயர் இல்லாத 'படும்'மோடு சேர்ந்து வருகிறது. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி எடுக்கப்படும், அனல்மின் நிலையம் அமைக்கப்படும் என்று 1990-களில் விவசாயிகளிடமிருந்து நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டு வழக்குகள் நீண்டுகொண்டே போயின. மின் நிலையம் வரவில்லை. ஒரு தலைமுறை காத்திருந்த பிறகு, திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதென்று முடிவானது. இடையில் போன ஆண்டுகளுக்கு எந்த வினைமுற்றும் பொறுப்பேற்கவில்லை. பெரம்பலூர் வழியாக ரயில் பாதை என்ற பேச்சும் தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. அந்த நகரம் இன்னும் ரயிலைப் பார்க்கவில்லை.

திட்டங்கள் தவறலாம். பணம் போதாமல் போகலாம், கணக்கு பிசகலாம். அதை யாரும் மன்னிப்பார்கள். 'முயற்சி செய்கிறோம், கிடைக்கலாம்' என்று சொல்லியிருந்தால் ஒருவர் அந்த 'லாம்'முக்கு ஏற்றபடி தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருப்பார்; கிணறு வெட்டியிருப்பார், மகனை வேறு படிப்பில் சேர்த்திருப்பார். 'லாம்' சொல்ல வேண்டிய இடத்தில் 'உம்' சொல்வது கேட்பவரின் ஆண்டுகளை எடுத்துக்கொள்வது. மழையின் மொழியிலேயே பேசிப் பழகிய மக்கள் 'வரும்' என்பதை இலேசாகக் கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டு விதைக்கப் போய்விடுவார்கள்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும்போது புரட்டாசி நடந்துகொண்டிருக்கும்; விதைப்பு வேலையை விட்டுவிட்டு வர முடிந்தால் வாருங்கள். தீர்மானத்தில் 'செய்யப்படும்' என்று படித்தால் எழுந்து கேளுங்கள்: யார் செய்வார், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் யார் பதில் சொல்வார். கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அந்த வரியை 'செய்யப்படலாம்' என்று திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.