மனிதப் பிறவி எவர் பொருட்டு? அரவிந்தரும் பாரதிதாசனும் தந்த விடைகள்

மனிதன் ஏன் இருக்கிறான் என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. எதிலிருந்து, எவ்வாறு தோன்றினான் என்பது ஒன்று. எதற்காக, எவர் பொருட்டுத் தோன்றினான் என்பது மற்றொன்று. ஒரு பொருள் தோன்றுவதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று வேண்டும் என்று கூறும் சைவ சித்தாந்திகள், குடத்துக்கு மண்ணையும், தண்டு சக்கரத்தையும், குயவனையும் முறையே எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் இம்மூன்றையும் அறிந்த பின்னரும், அந்தக் குடத்தில் தண்ணீர் மொள்ளப்போகிறவர் எவர் என்பது தனிக் கேள்வியாகவே நிற்கிறது. 1859இல் வெளிவந்த டார்வினின் நூல் உயிரினங்கள் எவ்வாறு கிளைத்தன என்பதற்கு இயற்கைத் தேர்வு என்ற விளக்கத்தைத் தந்தது. சூழலுக்கு இயைந்த வேறுபாடுகள் நிலைத்தும் இயையாதவை மறைந்தும் போகும் அந்த நிகழ்முறைக்கு முன்கூட்டிய இலக்கு எதுவும் தேவைப்படவில்லை. முதற்கேள்வியை அறிவியல் இவ்வாறு தன் கையில் எடுத்துக்கொண்ட காலத்தில், இரண்டாவது கேள்விக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பெருவிடைகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்து எழுந்தன.

முதல் விடை அரவிந்தருடையது. வங்க அரசியலில் தீவிரவாதத் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி 1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரி வந்துசேர்ந்த அவர், 1950 டிசம்பர் 5இல் மறையும்வரை இந்நகரை விட்டு நீங்கவில்லை. பின்னாளில் அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா, அவர் கணவர் பால் ரிஷார் ஆகியோருடன் சேர்ந்து 1914 ஆகஸ்ட் 15இல் அவர் தொடங்கிய 'ஆர்யா' என்ற மாத இதழில்தான், மனித வாழ்வின் நோக்கத்தைப் பற்றிய அவரது தலையாய நூலான 'தெய்வீக வாழ்வு' அத்தியாயம் அத்தியாயமாக வெளிவந்தது. முதல் உலகப் போர் மூண்டு சில நாட்களே ஆகியிருந்த வேளை அது. மனித வாழ்வுக்கு உயர்ந்த நோக்கம் உண்டு என்று எழுதுவதற்கு அதைவிடக் கடினமான தருணம் இருந்திருக்க முடியாது.

அரவிந்தர் இரண்டு மறுப்புகளை எதிர்த்துத் தம் வாதத்தைத் தொடங்குகிறார். சடப்பொருள் ஒன்றே உண்மை, உணர்வு அதன் விளைவு என்று கூறும் உலகாயதனின் மறுப்பு ஒன்று. பிரம்மம் ஒன்றே உண்மை, உலகம் வெறுந்தோற்றம் என்று கூறும் துறவியின் மறுப்பு மற்றொன்று. முன்னதில் மனிதன் தற்செயலாகிறான்; பின்னதில் அவன் விழித்தெழ வேண்டிய கனவாகிறான். இரண்டிலும் மண்ணில் வாழ்வதற்கென்று ஒரு பயன் தேறவில்லை என்பதே அவர் கண்ட குறை. பேருணர்வு தன்னைத் தானே மறைத்துக்கொண்டு சடத்துக்குள் அடங்கியது. அடங்கியது மீண்டும் படிப்படியாக வெளிப்படுவதே பரிணாமம். சடத்திலிருந்து உயிரும் உயிரிலிருந்து மனமும் மலர்ந்ததுபோல மனத்தைக் கடந்த அதிமானசமும் இவ்வுலகிலேயே மலரும் என்பது அவர் கொள்கையின் சுருக்கம். தமிழில் சத்திய ஜீவியம் என்றும் வழங்கும் இந்த அதிமானசம், பிரித்துப் பிரித்து அறியும் மனத்தைப் போலன்றி, முழுமையை முழுமையாகவே அறிந்து செயற்படும் உணர்வுநிலையாகும். எனவே மனிதன் பரிணாமத்தின் முடிவல்லன். அது கடந்துசெல்லும் இடைநிலை. இங்கே பரிணாமம் என்ற சொல் டார்வினின் கோட்பாட்டிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலக்கற்ற நிகழ்முறைக்கு அரவிந்தர் இலக்கைத் தருகிறார். அதற்கான சான்றாக அவர் நம்பியது உயிரியலை அன்று, யோக அனுபவத்தையே.

அப்படியானால் நிறைவான பரம்பொருள் ஏன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும்? குறையில்லாத ஒன்றுக்குத் தேவை இருக்க முடியாது என்பதால் படைப்பு விளையாட்டைப் போன்றதே என்று பிரம்ம சூத்திரம் கூறிய விடையை அரவிந்தரும் ஏற்று, ஆனந்தமே படைப்பின் காரணம் என்கிறார். பதுங்கு குழிகளில் இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இவ்விடை கொடுமையாக ஒலித்திருக்கும். வெளியே நின்று பிற உயிர்களை வருத்தும் கடவுளைக் கருதினால்தான் அது கொடுமை. துன்புறுவதும் அதே பரம்பொருள்தான் என்று அரவிந்தர் மறுமொழி கூறுகிறார். தர்க்கத்துக்கு இது பொருந்துகிறது. ஆயினும் துன்புறும் தாய்க்கு, துன்புறுவது தானல்ல, பிரம்மம் என்ற விளக்கம் போதுமானதாகாது.

புதுச்சேரிக்குத் தொலைவில் இல்லாத திருவெண்ணெய்நல்லூரில், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சித்தாந்தம் இவ்விடத்தில் வலுவாக நிற்கிறது. உயிர்கள் இறைவனால் படைக்கப்பட்டவை அல்ல. அவையும் அவனைப் போலவே தொடக்கமற்றவை. ஆணவம் என்னும் அறியாமை மலம் அவற்றை மூடியிருப்பதால், அதை முதிர்வித்துக் கழிக்கும் பொருட்டே உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் தரப்படுகின்றன. படைப்பு இறைவனின் களிப்புக்காக அன்று, உயிரின் மீட்புக்காக. ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனியே இந்த நோக்கம் உரியது. எதுவும் மற்றொன்றின் உயர்வுக்குப் படிக்கல் ஆவதில்லை. பிறவியின் பயனைப் பற்றிய எந்தக் கொள்கையையும் உரசிப் பார்க்கத்தக்க கல் இதுவே: இலக்கு கைகூடுமுன் இறந்துபோனவனுக்கும் அதில் பங்கு உண்டா?

அரவிந்தர் இக்கேள்வியை உணராதவர் அல்லர். நெஞ்சின் ஆழத்தில் சைத்திய புருஷன் என்ற உயிர்ப்பொறி பிறவிதோறும் அனுபவங்களின் சாரத்தைத் திரட்டி வளர்கிறது என்று கூறுவதன்மூலம், இறந்தவரையும் பரிணாமத்தின் பயணிகளாக அவர் சேர்த்துக்கொள்கிறார். மறுபிறவியை ஏற்பவர்க்கு இது நிறைவான விடை. ஏற்காதவர்க்கு அவர் கூறும் இலக்கு, வரப்போகும் வேறோர் இனத்துக்காக இன்றைய மனிதரைச் செலவிடுவதாகவே தோன்றும்.

ஏற்காதவர் ஒருவர் அதே நகரில் வாழ்ந்தார். 1891 ஏப்ரல் 29இல் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றிய கனக சுப்புரத்தினம், 1908 முதல் 1918 வரை இங்கு அடைக்கலம் புகுந்திருந்த பாரதியின்மீது கொண்ட பற்றால் பாரதிதாசன் ஆனவர். உலகம் மாயை என்பதைப் பாரதியும் ஏற்கவில்லை என்பதும், அரவிந்தரோடு அவர் நெருங்கிப் பழகினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. பாரதிக்குச் சக்தியின் வடிவாக இருந்த உலகம், முருகன் துதிகளோடு எழுதத் தொடங்கிய அவருடைய மாணவருக்கு, 1920களின் இறுதியில் சுயமரியாதை இயக்கத்தைத் தழுவிய பின்னர், மனித உழைப்பின் விளைவாக மட்டுமே தெரிந்தது. முற்பிறவி வினை என்ற விளக்கம், உழைப்பவன் ஏழையாக இருப்பதற்கும் ஒருவன் தாழ்ந்த சாதியில் பிறந்ததற்கும் சமாதானமாகப் பயன்பட்டதைக் கண்டு சினந்த கவிஞர் அவர். அந்தச் சினத்தில் நியாயம் உண்டு. வாழ்வின் பயன் முன்பே வகுக்கப்பட்டதன்று, மனிதர் ஒருவருக்கொருவர் ஆக்கிக்கொள்வது என்ற எண்ணம் அவர் படைப்புகளில் ஊடாடுகிறது. 'குடும்ப விளக்கு' என்ற நூலின் இறுதிப் பகுதி முதியோர் காதலைப் பாடுவது தற்செயல் அல்ல. மறுமையை நாடும் வயதென்று மரபு ஒதுக்கிய பருவத்திலும் அவர் இம்மண்ணின் அன்பையே நிறைவாகக் காட்டுகிறார்.

இதற்கு இணையாக, பிரெஞ்சுச் சிந்தனையாளர் சார்த்தர் 1945இல் பாரிசில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், மனிதன் முதலில் இருக்கிறான், பின்னரே தன்னை இன்னதென்று ஆக்கிக்கொள்கிறான் என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால் அவர் தனிமனிதனின் தெரிவிலிருந்து தொடங்கினார். பாரதிதாசனோ குடும்பம், உழைப்பு, மொழி, சமத்துவம் ஆகிய கூட்டு வாழ்விலிருந்து தொடங்கினார். தமிழ்ச் சூழலுக்கு இந்தத் தொடக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது.

எனினும் மேற்சொன்ன உரைகல்லில் பாரதிதாசனின் விடையும் தேய்கிறது. புதிய உலகம் உருவாகுமுன் இறந்த குழந்தைக்கும், அடிமையாகவே மாண்ட உழவனுக்கும் அவர் கொள்கையில் மீட்சி இல்லை, இழப்பு இழப்பே. சித்தாந்தியும் அரவிந்தரும் அந்த இழப்பை அடுத்த பிறவியில் ஈடுசெய்கின்றனர். பாரதிதாசன் ஈடுசெய்ய மறுக்கிறார். ஈடு இல்லை என்று ஏற்பவருக்கு, இன்று பசித்திருப்பவனின் பசியை இன்றே தீர்க்க வேண்டிய கடமை தள்ளிவைக்க முடியாததாகிறது. ஆனால் தீர்க்கப்படாமலே போன பசிக்கு அவர் தத்துவத்தில் இடமில்லை. அந்த இடத்தில் சித்தாந்தத்தின் கேள்வி இன்னும் விடையை எதிர்நோக்கியே இருக்கிறது.