ஈரம் தொடங்கும் இடம்

முத்துப்பேட்டைப் பக்கத்தில் பழைய புல்லட் நிற்கிற வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டிக்கு அடியில் ஓர் அட்டை கிடக்கும், அதில் கறுப்பாக வட்டம் வட்டமாக ஆயில். சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால், அந்த அட்டையை எடுத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

*

சொட்டு எங்கே விழுந்தது என்பதைத்தான் அட்டை சொல்லும். டேப்பெட் கவரில் கசிகிற ஆயில் பிளாக் வழியாக இறங்கி, ஓட்டத்தில் காற்று தள்ள, பின்பக்கம் போய் கியர்பாக்ஸ் அடியில் சொட்டும். பாவம், கியர்பாக்ஸைப் பிரித்துப் போடுவார்கள்.

டீசல் தொட்ட பிரஷ்ஷால் எஞ்சினை முழுக்கக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒவ்வோர் இணைப்பின் மேலும் தூவிவிட்டு, ஜாம்புவானோடை தர்கா வரை மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பலாம். வெள்ளைப் பூச்சில் முதலில் எங்கே மயிரிழை போலக் கறுக்கிறதோ, அங்கே கை வைத்தால் போதும். அதுவரை ஸ்பேனரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

*

1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அவர்களின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, கிளட்ச் இருக்கும் செயின் கேஸ் தனி. எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய எஞ்சின் 2009 வாக்கில்தான் வந்தது. பழையதில் மூடி அதிகம், அதனால் பேக்கிங்கும் அதிகம். போதாததற்கு பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒன்றுபோல விரியாது.

*

போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் 346 சி.சி. காற்றைத் தனக்கு அடியில் அழுத்துகிறது. அது வெளியேற பிரீதர் குழாய் இருக்கிறது. குழாயின் நுனியில் கீறல் விட்ட ஒரு ரப்பர் மூக்கு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான், விலையும் அற்பம்.

சவூதிக்கோ மலேசியாவுக்கோ போனவர் வருஷக்கணக்கில் மூடிவைத்த வண்டியில் அந்த ரப்பர் விறைத்துப் போயிருக்கும், இல்லையென்றால் அழுக்கு அடைத்திருக்கும். போக வழி இல்லாத காற்று ஆயில் சீலைத் தள்ளும், பேக்கிங்கைத் தள்ளும். எத்தனை தரம் புது பேக்கிங் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்.

*

செயின் கேஸ் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். ஓரம் முழுக்க ரப்பர். கசிவைக் கண்டதும் வண்டிக்காரர், “இன்னும் ஒரு முறுக்கு வைங்க பாய்” என்பார்.

“வச்சா நடு உள்ள போகும், ஓரம் வாயப் பொளக்கும் தம்பி” என்பார் மெக்கானிக்.

அப்படி வளைந்த மூடியைக் கண்ணாடி மேல் கவிழ்த்தால் ஆடும். அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று வேறு, அலுமினிய விளிம்பை வெள்ளை வெள்ளையாக அரித்து வைக்கிறது. அந்தக் குழியையெல்லாம் அனபாண்ட் பசையால் அப்பி மூடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெல்லிய பூச்சு சரி. அப்பினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். எஞ்சின் பக்கத்து மூடியாக இருந்தால், அந்தத் துணுக்கு ஆயில் போகிற துளையில் போய் உட்காரும். வெளியே ஒழுகுகிற எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். உள்ளே ஆயில் ஏறாத எஞ்சின் பிழைக்காது.

*

நாள்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்து ஆயில் ஊற்றாதீர்கள். நிற்கிற நேரத்தில் ஆயில் டேங்கில் இருப்பது கிரேங்க் பக்கம் இறங்கிவிடும்; குச்சி குறைத்துக் காட்டும். அதை நம்பி ஊற்றினால், கிளப்பியதும் மிஞ்சியது பிரீதர் வழியாக வெளியே வரும். அதற்கும் லீக் என்று பெயர் வைத்து எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி, சூடேறிய பிறகு நிறுத்தி, அளவு பாருங்கள்.