குறையை நீக்குதலும் குறைகூற்றை நீக்குதலும்

இணைய வணிகத்தில் பொருளை வாங்கியவர் அதன் நிறைகுறைகளைப் பிறர் காணுமாறு எழுதிவைப்பதற்கு மதிப்புரை என்று பெயர். அதனுடன் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்களும் இடப்படுகின்றன. குறைகூறும் மதிப்புரை வந்தவுடன் விற்றவர் வாங்கியவரைத் தனியே அழைத்து, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, அதற்கு முன் எழுதியதை அழித்துவிட வேண்டும் என்று கேட்பது பலரிடம் காணப்படும் வழக்கம். வாங்கியவருக்குப் பணம் கிடைக்கிறது, விற்றவருக்குப் பெயர் மிஞ்சுகிறது. இருவரும் மனமொப்பிச் செய்துகொள்ளும் இந்த உடன்பாட்டில் தவறு உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

குறைகூறுதலில் தமிழ் பல வகைகளைப் பிரித்தறிகிறது. நன்மை கருதி முகத்துக்கு நேரே கடிந்து சொல்வது இடித்துரை. ஆளில்லாத இடத்தில் பழிப்பது புறங்கூறல். பலர் கேட்க இழிவுபடுத்துவது தூற்றல். மதிப்புரை இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. அது விற்றவரின் கண்ணில் பட்டாலும் அவரை நோக்கி எழுதப்பட்டதன்று. அதே பொருளை நாளை வாங்க எண்ணும், எழுதியவருக்கு முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுதப்பட்டது. சாயம் போகும் புடவையைப் பற்றிய நான்கு வரிகள், சாயம் போகுமா என்று கேட்க வழியின்றித் திரையில் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டப்போகிறவருக்குரிய செய்தி ஆகும். ஆகவே மதிப்புரையை விலைபேசும் இருவரும், அந்தப் பேச்சில் இடம்பெறாத மூன்றாமவரின் உடைமையையே கைமாற்றிக்கொள்கிறார்கள்.

மேலும், பழுதான பொருளுக்குரிய பணம் விற்றவர் பட்ட கடன். கடனைத் தீர்ப்பவர் அதற்குக் கைம்மாறு கேட்பது எந்த வணிக அறத்திலும் பொருந்தாது. இங்கோ பட்ட கடனே பரிசு போலக் காட்டப்பட்டு, அதற்கு ஈடாக மௌனம் பெறப்படுகிறது. தன் தளத்தில் விற்போர் பணத்தைத் திருப்பித் தந்து மதிப்புரையை மாற்றவோ நீக்கவோ கோருவதை அமேசான் நிறுவனத்தின் விதிகள் தடுப்பதற்கும் இதுவே நியாயம். அழிக்கச் சொல்வதற்கும் வெளிவராமலேயே தடுப்பதற்கும் அறத்தில் வேறுபாடு சிறிதே. நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த மதிப்புரைகளைத் தன் தளத்தில் வெளியிடாமல் நிறுத்திவைத்ததாக ஃபேஷன் நோவா என்னும் ஆடை நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியபோது, அந்நிறுவனம் 2022இல் 42 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. வெளிவந்த புகழுரைகளில் ஒன்றேனும் பொய்யென்று அவ்வழக்கு கூறவில்லை; மெய்யான சொற்களைக் கொண்டே பொய்யான தோற்றத்தை உண்டாக்க முடியும் என்பதுதான் அதில் கவனிக்கத்தக்கது.

எனினும் சிறு விற்பனையாளரின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஆய்வாளர் மைக்கேல் லூக்கா 2011இல் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து, மதிப்பீடு ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதையும், அந்த விளைவு கிளைகள் பரப்பிய பெருநிறுவனங்களிடம் அன்றித் தனிக்கடைகளிடமே தோன்றுவதையும் காட்டினார். வீட்டிலிருந்து ஊறுகாய் செய்து விற்கும் ஒருவர் ஐந்து மதிப்புரைகளே பெற்றிருக்க, அவற்றுள் நான்கு ஐந்து நட்சத்திரமும் ஒன்று ஒரே நட்சத்திரமும் ஆயின், அவருடைய சராசரி 4.2 ஆகச் சரிகிறது. ஆயிரம் மதிப்புரை உடையவரிடம் அதே ஒன்று கண்ணுக்கே தெரியாது. அந்த ஒற்றை நட்சத்திரமும் கூரியர் தாமதத்துக்காக இடப்பட்டதெனில், பிறர் பிழைக்கு அவர் தண்டம் செலுத்துகிறார். இது மெய்யான அநீதி. ஆயினும் இதற்கு மருந்து மறைப்பதில் இல்லை, மறுமொழியில் இருக்கிறது. தாமதம் எங்கே நேர்ந்தது என்று அதே இடத்தில் எழுதினால், படிப்பவர் ஊறுகாயையும் கூரியரையும் பிரித்தறிந்துகொள்வார்.

மறுமொழிக்கும் ஆற்றல் உண்டு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டெக்சஸ் விடுதிகளை ஆராய்ந்த ப்ரோசெர்பியோ, செர்வாஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மறுமொழி எழுதத் தொடங்கிய விடுதிகளின் மதிப்பீடு சராசரியாக 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. குறைகூறும் மதிப்புரைகள் எண்ணிக்கையில் குறைந்து நீளத்தில் கூடின. உரிமையாளர் படிப்பார் என்று தெரிந்ததும், காரணம் காட்டாமல் ஏசுவதற்கு மதிப்புரை எழுதுவோர் தயங்குகிறார்கள் என்று இதை விளக்கலாம். ஆனால் அதே தயக்கம் நேர்மையான குறைகூறலையும் அடக்கிவிடக்கூடும். விற்றவரிடம் வாங்கியவரின் பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பொதுவில் சிறிதளவு சுட்டினாலும் மறுமொழி அச்சுறுத்தலாகிவிடும்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் பொறுப்பைக் குறைதீர் அலுவலரிடம் ஒப்படைக்கின்றன. விற்பவரே நுகர்வோர் போல நடித்து மதிப்புரை எழுதுவதையும் அவை தடை செய்கின்றன. பணம் நிபந்தனையின்றித் திரும்பிய பிறகு, வாங்கியவர் தாமாகவே தம் மதிப்புரையைத் திருத்தினால் அது அவருடைய உரிமை. அவர் திருத்தாவிட்டால், சாயம் போன புடவை பற்றிய அந்த நான்கு வரிகள் அப்படியே நிற்க, அவற்றின் கீழே எந்தத் தேதியில் பணம் திரும்பியது, எந்தத் தேதியிலிருந்து சாயப்பட்டறை மாற்றப்பட்டது என்று விற்றவர் எழுதிவைக்கலாம்.