வரியைச் சொல்லிவிட்டு வந்தவர்கள்

1993 மார்ச் 3. ஆஸ்திரேலியப் பொதுத்தேர்தலுக்குப் பத்தே நாள். எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹியூசனிடம் தொலைக்காட்சியில் செய்தியாளர் மைக் வில்லசி ஒரு கேள்வி கேட்டார். கடையில் பிறந்தநாள் கேக் வாங்குகிறேன், உங்கள் ஜி.எஸ்.டி. வந்தால் விலை கூடுமா, குறையுமா? ஹியூசன் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். இப்போது அந்தக் கேக்குக்கு விற்பனை வரி உண்டா, மேலே அலங்காரம் உண்டா, ஐஸ்கிரீம் கேக்கா, மெழுகுவத்தியும் சேர்த்தா என்று பிரித்துப் பிரித்து விளக்கத் தொடங்கினார். மறைக்க நினைத்தவர் இப்படித் திணற மாட்டார். ஆனாலும் வரியைக் கொண்டுவருகிறவருக்கே கணக்குத் தெரியவில்லை என்ற பேச்சுதான் நாட்டில் நின்றது.

அவர் தோற்றிருக்கவே கூடாத தேர்தல் அது. வேலையில்லாதோர் நூற்றுக்குப் பதினொருவர் என்ற அளவில் இருந்தார்கள். பத்தாண்டாக ஆண்ட தொழிற்கட்சிமேல் சலிப்பும் இருந்தது. அந்த நிலையில் சும்மா இருந்தே வென்றிருக்கலாம். அவரோ 1991 நவம்பரிலேயே 650 பக்கத் திட்டத்தை எடுத்து வைத்திருந்தார்: 15 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு ஈடாக வருமான வரிக் குறைப்பு. எதிர்ப்பு வந்ததும் அடிப்படை உணவுக்கு விலக்குத் தந்தார். எது விலக்கு, எது வரி என்று கோடு போடும் தலைவலி அங்கேதான் கூடியது.

பிரதமர் பால் கீட்டிங் அந்த வரியைக் காட்டியே மக்களைப் பயமுறுத்தினார். வேடிக்கை என்னவென்றால், 1985-இல் நிதியமைச்சராக இருந்தபோது 12.5 சதவீத நுகர்வு வரி வேண்டும் என்று மல்லுக்கு நின்றவரும் அவர்தான். வருமான வரியை நானும் குறைக்கிறேன், அது வெறும் வாக்குறுதியில்லை, சட்டமாகவே இயற்றியாகிவிட்டது என்றார். மார்ச் 13-இல் வென்றார். ஆகஸ்ட் பட்ஜெட்டில் மொத்த விற்பனை வரி ஏறியது, பெட்ரோல் வரியும் ஏறியது. சட்டத்தில் எழுதியிருந்த வரிக் குறைப்பின் இரண்டாம் பகுதி தள்ளிப்போனது. 1996-இல் மக்கள் அதற்கும் சேர்த்தே கணக்குத் தீர்த்தார்கள்.

முன்கூட்டிச் சொன்னவரைத் தோற்கடித்துவிட்டு, சொல்லாமல் ஏற்றியவர்மேல் கோபப்பட வாக்காளருக்கு என்ன உரிமை? இப்படிக் கேட்கத் தோன்றும். எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. உண்மையைச் சொன்னார் என்பதற்காக அவர் போடும் வரி நல்ல வரியாகிவிடாது. சம்பாதிப்பது முழுவதும் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் போகிற வீட்டில் நுகர்வு வரி அழுத்தமாகக் கடிக்கும். வருமான வரிக் குறைப்பின் ருசி மேலே இருப்பவர்களுக்கே அதிகம் தெரியும். வேண்டாம் என்று சொன்னவர்கள் அறிவிலிகள் அல்லர். ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து கட்சிகள் படித்த பாடம் வேறு: வாயைத் திறந்தால் ஆபத்து.

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர், ஹியூசனின் கட்சிக்குப் பின்னர் தலைவரான ஜான் ஹோவார்ட். ஜி.எஸ்.டி. இனி ஒருநாளும் வராது என்று 1995-இல் அடித்துச் சொன்னார், 1996-இல் ஆட்சிக்கு வந்தார், 1997-இல் மனம் மாறினார். இதுவரை பார்த்தால் இவரும் வாக்குத் தவறியவர்தான். ஆனால் 1996-இல் கிடைத்த பெரும்பான்மையை வைத்து அந்த வரியைப் போடவில்லை. 1998 ஆகஸ்டில் திட்டத்தை வெளியிட்டு, அக்டோபர் 3-இல் தேர்தலைச் சந்தித்தார். 148 இடங்களில் 80 கிடைத்தன. இரு அணிகளுக்கிடையிலான மொத்த வாக்கிலோ அவர் பக்கம் பாதிக்கும் சற்றுக் குறைவு. அந்த முள்ளை எளிதில் விழுங்கிவிட முடியாது. செனட்டில் டெமாக்ரட்டுகள் என்ற சிறு கட்சி பிடித்த பிடியில் அடிப்படை உணவு வரிக்கு வெளியே போனது. 2000 ஜூலை 1 முதல் 10 சதவீத ஜி.எஸ்.டி. ரொட்டிக்கு வரியில்லை; கேக்குக்கு உண்டு.

இந்த மூவரில் சொல் மாறாதவர் ஹியூசன் ஒருவர்தான். இருந்தும் கட்சிகளின் நம்பகத்தைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத்தந்தது ஹோவார்டின் கதை. நாட்டின் வரவு செலவு மாறும். ஐந்தாண்டுக்கு முன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு எந்த ஆட்சியும் நடக்காது. நம்பிக்கை உடைவது சொல் மாறும் இடத்தில் இல்லை. மாறிய சொல்லுக்கு மக்களிடம் திரும்ப வந்து அனுமதி கேட்காத இடத்தில் அது உடைகிறது. வாக்குச்சீட்டில் ஒருவருக்கு நாம் கொடுப்பது அவர் கேட்டதற்கான சம்மதம் மட்டுமே. கேட்காததற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டால், அந்த வரி நியாயமான வரியாகவே இருந்தாலும், எடுத்த விதம் பறிப்பு.

வரியே ஏறாது என்று யாராவது வாசலுக்கு வந்து கைகூப்பினால், ஏறுமா ஏறாதா என்று அவரிடம் வாதாட வேண்டாம். கஜானாவில் பற்றாக்குறை வந்தால், ஏற்றுவதற்கு முன் வந்து கேட்பீர்களா, ஏற்றிய பின் வந்து விளக்குவீர்களா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு, ஒருவர் உண்மையைச் சொல்லித் தடுமாறினால், அன்றைக்காவது சிரிக்காமல் முழுப் பதிலையும் கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.