மேலே 21 பாகை, கீழே?



இன்று நவம்பர் 11, தூர்ஸ் நகர ஆயர் புனித மார்ட்டினின் திருநாள். இங்கே ரொறன்ரோவில் நாம் குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தம் செய்யும் நாட்களும் இவைதான். தோட்டத்துக் குழாயை உள்ளிருந்து பூட்டித் தண்ணீரை வடியவிடுகிறோம். ஃபேர்னஸுக்குப் புது ஃபில்ரர் போடுகிறோம். கதவின் அடியில் ரப்பர் பட்டி வைக்கிறோம், காற்று நுழையும் யன்னலுக்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டுகிறோம். பிள்ளை உறங்கும் அறைக்குக் குளிர் வரக்கூடாதென்று தகப்பன் முழங்காலில் நின்று இடுக்கு அடைக்கிறானே, அந்த உழைப்பை ஆண்டவர் காண்கிறார்.

குளிரில் நிற்பவரை நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடும் விசுவாசத்தை யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அந்த மனிதரை அவர் அந்நியர் என்று சொல்லவில்லை. சகோதரன், சகோதரி என்கிறார். ஆகவே முதலில் நம் கூரையின் கீழேயே தேடுவோம்.

நம்மவர் வீடுகள் பலவற்றில் மேலே வீட்டுக்காரர், கீழே பேஸ்மென்றில் ஒரு வாடகைக் குடும்பம், அல்லது படிக்க வந்த பிள்ளைகள். சூடான காற்று எப்போதும் மேலேறும். மேல்மாடி இடுக்குகளால் அது வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பக்கத்து இடுக்குகளால் குளிர்காற்று உள்ளே இழுபடும். தெர்மோஸ்ராற்றோ மேலே, நடைவழிச் சுவரில் இருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள சூட்டை மட்டுமே அது அறியும். அங்கே 21 பாகை வந்ததும் ஃபேர்னஸை நிறுத்திவிடும். அந்த நேரம் கீழே எத்தனை பாகை என்று அதற்குத் தெரியாது. படியிறங்கிப் போய்ப் பார்க்காதவரை நமக்கும் தெரியாது.

குளிர்காலத்தில் வாடகைக்கு இருப்பவருக்குக் குறைந்தது 21 பாகை சூடு கொடுக்கவேண்டும் என்கிறது இந்த நகரத்தின் சட்டம். நற்செய்தி அதற்குக் குறைவாகக் கேட்காது. இரண்டு வேலை செய்து மோட்கேஜ் கட்டுகிறவர்களின் பாரம் எனக்குத் தெரியும். எரிவாயு பில் வரும் நாளில் வீட்டில் எழும் பேச்சும் தெரியும். ஆனாலும் முதலாம் திகதி வாடகையை முழுதாக வாங்கிக்கொண்டு சூட்டைக் குறைப்பது களவு. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஒரு சிறிய வெப்பமானியைக் கீழே தொங்கவிடுங்கள். அது காட்டும் பாகையைப் பார்த்து மேலே சூட்டைக் கூட்டுங்கள்.

குளிர் பொறுக்காதவர்கள் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டக்கூடும். அது உயிரை எடுக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கீழே படுப்பவர்களின் அறைக்கு அருகே அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றே அமத்திப் பாருங்கள்.

அடுத்து, நம் வீட்டுப் பெரியவர்கள். தீமொத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் சிறையிலிருந்து ஒரு பொருள் கேட்கிறார். துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் விட்டுவந்த தம் போர்வையை எடுத்துவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடும்படியும் கெஞ்சுகிறார். நகரம் நகரமாகத் திருச்சபைகளை எழுப்பியவர், தன் முடிவு நெருங்கிவிட்டதை அறிந்தவர், எனக்குக் குளிருமே என்று சொல்ல வெட்கப்படவில்லை. நம் அம்மாமார் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அது. மகனுக்குப் பில் கூடிவிடும் என்று இரண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்டுமில்லை ராசா" என்பார்கள். வயது போகப் போக, உடல் குளிர்வதை உணரும் திறனும் குறைந்துவிடுகிறது. அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். கையைத் தொட்டுப் பாருங்கள். அவர்களின் அறையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்கள்.

இனி இன்றைய புனிதரிடம் வருவோம். ஆயராகுமுன், மார்ட்டின் ஞானஸ்நானம் பெறாத இளம் படைவீரராக இருந்தார். அமியேன் நகர வாசலில் ஆடையில்லாத ஓர் ஏழையைக் கண்டார். அந்த ஆண்டுக் குளிரில் பலர் மாண்டார்கள் என்று அவரது வரலாற்றை எழுதிய சுல்பீசியுஸ் செவெருஸ் சொல்கிறார். வாளை உருவித் தம் மேலாடையை இரண்டாக வெட்டினார் மார்ட்டின். பாதியைக் கொடுத்தார், மற்றப் பாதியைத் தாமே போர்த்திக்கொண்டார். அன்றிரவு கனவில், கொடுத்த பாதியை அணிந்தவராகக் கிறிஸ்து தோன்றினார். மார்ட்டின் தமக்கென வைத்துக்கொண்ட பாதியைக் கிறிஸ்து குறைசொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளைக் கதகதப்பாக வைத்திருங்கள். அதில் குற்றமே இல்லை. மற்றப் பாதி எங்கே போகிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

சூடில்லாத வாடகை வீட்டில் இருப்பவர்களே, வீட்டுக்காரர் கேட்காவிட்டால் 311ஐ அழையுங்கள், பயப்பட வேண்டாம். பில் கட்ட வழியில்லாதவர்கள் 211ஐ அழைத்து என்ன உதவி உண்டென்று கேளுங்கள். இரண்டிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், தனியாக இருக்கும் முதியவர்களின் யன்னல்களுக்குத் தாள் ஒட்ட நம் இளையோர் புறப்படுகிறார்கள். ஏணியும் வாகனமும் உள்ளவர்கள் பூசை முடிந்ததும் வந்து என்னிடம் பெயரைத் தாருங்கள்.