குழந்தைக்காகவா போனீர்கள்?

மாலத்தீவு போய்வந்த எந்தக் குடும்பத்திடமாவது செலவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "என்ன பண்றது, எல்லாம் குழந்தைங்களுக்காகத்தானே" என்ற பதில் வரும். அந்தக் குழந்தைகளில் மூத்தவனுக்கு நாலு வயது, இளையவளுக்கு ஒன்றரை. "அப்பா, தண்ணீருக்கு மேலே கட்டின வில்லாவிலதான் நான் தூங்குவேன்" என்று இருவரில் யாரும் அடம்பிடித்திருக்க மாட்டார்கள். நாலு வயதுக்காரனுக்கு மாலத்தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்று தெரியாது. பக்கத்து வீட்டார் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்து வயிறு எரிந்தவனும் அவன் இல்லை. ஆசை பெரியவர்களுடையது. கணக்கு மட்டும் பிள்ளை பேரில் எழுதப்படுகிறது.

ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. பகுத்தறிவு பேசுகிறவன் துறவறத்தைப் பரிந்துரைப்பவன் அல்ல. உழைத்துக் களைத்த இரண்டு பேர் நீலக் கடலோரத்தில் நான்கு நாள் படுத்துக் கிடக்க விரும்புவது முழுக்க நியாயமான விருப்பம். அதை அப்படியே சொல்ல ஏன் கூச்சம் என்பதுதான் என் கேள்வி. நம் வீடுகளில் பெரியவர்களின் சந்தோஷத்துக்கு எப்போதும் ஒரு முகமூடி தேவைப்படுகிறது. முன்பு அந்த முகமூடி சாமி. குலதெய்வக் கோயிலில் காதுகுத்து நடக்கும். மாமன் மடியில் உட்கார்ந்து பிள்ளை வீறிட்டு அழும், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், கிடா வெட்டிச் சாப்பிடுவார்கள், உறவெல்லாம் கூடிக் களிக்கும். கேட்டால் "பிள்ளை நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டோம்" என்பார்கள். வலி பிள்ளைக்கு, விருந்து மற்றவர்களுக்கு. ரிசார்ட்டில் வலி குறைவு, அவ்வளவுதான் வேறுபாடு. குட்டி விமானத்தின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையைக் கேட்டால், வேறுபாடே இல்லை என்றுகூடச் சொல்லும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வாதம் வைப்பார்கள்: சின்னக் குழந்தைக்கு எதுவும் நினைவில் நிற்காது, பிறகு எதற்கு வீண் செலவு? நினைவில் நிற்காது என்பது உண்மைதான். ஃப்ராய்டு காலத்திலிருந்தே பேசப்படும் செய்தி இது. பெரும்பாலான மனிதர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நாட்கள் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆனால் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. நினைவில் நிற்காதது எல்லாம் வீண் என்றால் தாலாட்டும் வீண், இடுப்பில் வைத்து நிலா காட்டியதும் வீண். அந்த நேரத்து மகிழ்ச்சி அந்த நேரத்துக்கே போதும். கணக்குப் பார்க்க வேண்டுமானால் வேறு கணக்குப் பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு அங்கே மகிழ்ச்சி தந்தது எது? மணல், தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஆபீஸ் போன் வராத அப்பா. முதல் மூன்றும் தரங்கம்பாடியில் கிடைக்கும். நான்காவதுக்குக் காசே தேவையில்லை. ஆனால் பல ரிசார்ட்டுகளில் நடப்பது என்ன? பிள்ளையை 'கிட்ஸ் கிளப்'பில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் ஸ்பாவுக்குப் போகிறார்கள். தண்ணீர் வில்லாக்களில் சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத ரிசார்ட்டுகள் உண்டு. அனுமதிக்கும் இடங்களிலும், விழுந்தால் பொறுப்பு எங்களுடையதல்ல என்று எழுதி வாங்கிக்கொள்வதுண்டு. அந்த வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைக் கட்டியவர்கள் மறைக்கவே இல்லை. மறைப்பது நாம்தான்.

இதுவரை சொன்னது சின்னப் பொய். என்னை உறுத்துவது அடுத்தது.

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை குழந்தை கேள்வி கேட்கும் வயது. ஏன், எப்படி, யார், எங்கே என்று உயிரை வாங்கும் வயது. மனித வாழ்க்கையிலேயே பகுத்தறிவு இவ்வளவு கூச்சமின்றி வேலை செய்யும் பருவம் வேறு இல்லை. அந்த வயதுக் குழந்தையை, எந்தக் கேள்வியும் எழக்கூடாது என்றே கட்டிய இடத்துக்குக் கூட்டிப் போகிறோம்.

இது மிகைப்படுத்தல் அல்ல. மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-இல் திறந்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகள் உள்ளன. 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட முறை. ஊர் இருக்கும் தீவில் பயணி தங்கக்கூடாது, பயணி தங்கும் தீவில் ஊர் இருக்கக்கூடாது. பல காலம் இது அரசின் கொள்கையாகவே இருந்தது. காரணம் மதம். முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது என்று 2008 அரசியல் சட்டம் எழுதி வைத்திருக்கும் நாடு அது. ஊரில் மது கூடாது, பன்றி இறைச்சி கூடாது. ரிசார்ட் தீவில் இரண்டும் கிடைக்கும். ஆண்டவனின் சட்டம் படகுத்துறையோடு நின்றுவிடுகிறது, டாலர் மட்டும் இறங்கி உள்ளே போகிறது. இதைப் பார்த்து மாலத்தீவுக்காரரைக் கேலி செய்ய நமக்குத் தகுதியில்லை. புரட்டாசியில் வீட்டுச் சமையலறைக்குள் முட்டை வராமல் காவல் காத்துவிட்டு ஓட்டல் பஃபேயில் தட்டை நிரப்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எந்த மதக்காரரானாலும் வசதிக்கேற்ப கடவுளுக்கு எல்லைக்கல் நட்டுக்கொள்கிறார்கள்.

ஆக, அந்தத் தீவில் ஊர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, கிழவி இல்லை, தெருச் சண்டை இல்லை, சாவு இல்லை, கொடியில் காயும் துணி இல்லை. உங்கள் பிள்ளை அங்கே பார்க்கும் உள்ளூர் மனிதர் எல்லோருமே சீருடை போட்டவர்கள், சிரிப்பவர்கள், ஜூஸ் கொண்டுவருபவர்கள். 'வேற நாட்டு மனுஷங்க' என்றால் யார் என்பதற்கு அந்தக் குழந்தை கற்கும் முதல் பாடம் இதுதான். ஊழியர் குடியிருப்பு பெரும்பாலும் தீவின் நடுவில், செடிகொடிகளுக்குப் பின்னால் இருக்கும். ஜெனரேட்டரும் சலவைக்கூடமும் அங்கேதான். கரையோரம் விருந்தாளிக்கு, நடுப்பகுதி வேலைக்காரருக்கு. ஊரையும் சேரியையும் பிரித்துப் பழகிய நமக்கு இந்த அமைப்பு உறுத்தாமல் போவதில் வியப்பில்லை.

குழந்தை தப்பித்தவறி ஒரு கேள்வி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" பவளத் தீவில் மழைநீர் மண்ணுக்கடியில் மெல்லிய படலமாகக் கடல்நீர் மேல் மிதந்து நிற்கும். அது நீச்சல் குளத்துக்கும் ஷவருக்கும் காணாது. கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல். 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குழாய்கள் வறண்டன. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது. "நான் போட்ட குப்பை எங்கே போகுது?" மாலேக்கு மேற்கே திலஃபுஷி என்றொரு தீவு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆழமற்ற கடற்பரப்பில் குப்பையைக் கொட்டிக் கொட்டியே உருவாக்கியது. தலைநகரின் குப்பையும் ரிசார்ட்டுகளின் குப்பையும் பல ஆண்டுகள் அங்கே திறந்தவெளியில் எரிந்தன. புகையைச் சுவாசித்தபடி குப்பை பிரித்தவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்துக் கூலித் தொழிலாளர்கள். விளம்பரப் படங்களில் இந்தத் தீவைப் பார்க்க முடியாது.

"இந்த மணல் ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு?" இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் குழந்தையும் குதிக்கும். அலகு போன்ற வாயால் பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன், சத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் பொடியாக வெளியேற்றுகிறது. அந்தத் தீவுகளின் மணலில் பெரும்பங்கு அதுதான். லட்சக்கணக்கில் கொடுத்துப் போய் நாம் புரண்டு படுப்பது மீன் கழிவின் மேல். இதைச் சொன்னால் நாலு வயதுக்காரன் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான். சொல்கிற அப்பா எத்தனை பேர்? 'ஃபோட்டோவுக்கு நேரா நில்லு' என்பதுதான் பெரும்பாலும் அங்கே சொல்லப்படும் அறிவியல்.

இன்னொரு மணல் இருக்கிறது. கட்டட மணல். பவளத் தீவில் ஆறு கிடையாது, கருங்கல் கிடையாது. 1981 ஒப்பந்தப்படி இந்தியா மாலத்தீவுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு பொருட்களை அனுப்ப அனுமதிக்கிறது. 2024-25-க்கு அனுமதித்த அளவு: ஆற்றுமணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன், முட்டை 42 கோடிக்கும் மேல். அரிசி, வெங்காயம், பருப்பு எல்லாம் தனி. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குத் தோணிகள் போவது பழைய வழக்கம். காலை பஃபேயில் உங்கள் மகள் பாதி தின்றுவிட்டு வைத்த ஆம்லெட் ஒருவேளை நாமக்கல் பக்கத்து முட்டையாகவும் இருக்கலாம். ஆற்றுமணல் கொள்ளை பற்றி வாட்ஸ்அப்பில் கொதிக்கும் நாமே, அதே இந்திய ஆற்றுமணல் கலந்து கட்டிய தீவில் போய் இயற்கையை ரசித்துத் திரும்புகிறோம்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. கிட்ஸ் கிளப்பில் நாள் முழுக்கத் தன்னோடு விளையாடிய பெண்ணைக் காட்டி, "இந்த அக்காவோட பாப்பா எங்கேம்மா?" என்று குழந்தை கேட்டால்?

அந்தப் பெண் பிலிப்பைன்ஸ்காரராகவோ இலங்கைக்காரராகவோ இருக்கலாம். அப்படிப் பலருடைய பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள், வீடியோ காலில் அம்மாவைப் பார்க்கிறார்கள். மாலத்தீவுக்காரரே ஆனாலும் நிலைமை பெரிதாக மாறாது. வேலை ஒரு தீவில், வீடு வேறொரு தீவில். விடுப்பு கிடைக்கும்போதுதான் தன் பிள்ளையைத் தூக்க முடியும். அந்நாட்டுப் பெண்கள் ரிசார்ட் வேலையில் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'குழந்தைகளோடு நேரம் செலவழிக்க' நாம் போன இடம், தம் குழந்தைகளைப் பிரிந்தவர்களின் உழைப்பில் நடக்கிறது. குழந்தையிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்கிறேன். நாலு வயதுக்குத் தாங்கும் அளவில் சொல்லலாம். "அவங்க பாப்பா ஊர்ல இருக்கு, அதுக்காக இங்கே வேலை பார்க்கறாங்க." ஒரு நொடி அந்த முகம் வாடும். வாடட்டும். மற்றவர் வலி தனக்கும் தட்டுப்படுகிறது என்பதன் தொடக்கம் அது. சொர்க்கம், நரகம், சாமி கண்ணைக் குத்தும் என்றெல்லாம் பயமுறுத்திச் சொல்லித்தர முடியாத ஒழுக்கம் அங்கிருந்துதான் முளைக்கிறது.

"தீவு மூழ்கப்போகுது, அதுக்குள்ள பிள்ளைங்க பார்த்துடட்டும்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்நாட்டு நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் தம் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டி உலகுக்குச் சொன்னது இதைத்தான். 1998-இல் கடல் சூடேறி ஆழமற்ற பகுதிப் பவளங்களில் மிகப் பெரும்பகுதி செத்தது, 2016-இல் மறுபடியும் வெளுத்தது. இதற்குக் காரணமான புகையை மேலும் கொஞ்சம் விட்டுக்கொண்டே போய், அழிவதற்குள் பார்த்துவிடலாம் என்பது என்ன தர்க்கமோ! சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போகிற கூட்டமே அவர் மூச்சை முட்டவைப்பது நம் ஊரில் புதிதல்ல.

"நாம போகலைன்னா அவங்க பிழைப்பு?" இது நேர்மையான கேள்வி. ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டுக்கு 2024-இல் 20 லட்சம் பயணிகள் வந்தார்கள். பொருளாதாரமே அதன் மேல்தான் நிற்கிறது. ஆகவே யாரும் போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் அங்கே அதிகமாகப் போனவர்கள் இந்தியர்கள்தான். 2024 ஜனவரியில் திடீரென்று பலர் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். தொழிலாளியை நினைத்தோ கடலை நினைத்தோ அல்ல. அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் மூவர் நம் பிரதமரை இழிவாக எழுதினார்கள் என்பதற்காக. அப்போது மட்டும் "குழந்தை ஏமாந்து போகுமே" என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குழந்தைக்காகத்தான் போகிறோம் என்பது எவ்வளவு இலேசான சமாதானம் என்று அந்த ஒரே வாரம் காட்டிவிட்டது.

போவதென்றால் இப்படிப் போங்கள். கிளம்பும்போதே பிள்ளையிடம், "எனக்கும் அம்மாவுக்கும் கடல் பார்க்க ஆசை, உன்னையும் கூட்டிட்டுப் போறோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பிற்பாடு "உனக்காக எவ்வளவு செலவு பண்ணினோம்" என்று சொல்லிக்காட்டும் உரிமையை அப்போதே இழந்துவிடுவீர்கள், அதுவே பெரிய லாபம். 2009-க்குப் பிறகு ஊர் இருக்கும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் வந்துவிட்டன. மாஃபுஷி போன்ற தீவில் தங்கினால் மது கிடைக்காது, குளிக்கும் உடைக்குத் தனிக் கடற்கரை என்ற கட்டுப்பாடு இருக்கும். ஆனால் மாலையில் பந்து உதைக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவை அவர்கள்தான். ரிசார்ட்டுக்கே போனாலும் ஒருநாள் மேலாளரிடம் கேட்டுத் தீவின் நடுப்பகுதியைச் சுற்றிக் காட்டுங்கள். தண்ணீர் இயந்திரம், சலவைக்கூடம், சமையல்கட்டு எல்லாம் குழந்தைக்கு ஸ்பாவைவிடச் சுவாரசியமான இடங்கள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லை, நான்கு நாள் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தால் போதும் என்றால், பாட்டி சம்மதித்தால் குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போய்வாருங்கள். அதில் ஒரு தவறும் இல்லை.