பழைய ஆட்டமும் புதிய மெருகும்

கேட்ட கதையை மீண்டும் கேட்க விரும்புவது மனித இயல்பு. கேட்ட கதையே அலுத்துப்போவதும் அதே இயல்புதான். பழையதை விட்டுவிட மனமில்லை. அப்படியே ஏற்கவும் பொறுமையில்லை. ஆகவே மனிதன் அதில் எதையேனும் மாற்றிப் பார்க்கிறான். அந்த மாற்றம் எதுவரை அன்பின் செயல்? எவ்விடத்தில் அது அன்பின்மையாகிறது? இக்கேள்வியை ஒரு பழைய கணினி விளையாட்டை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறேன். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மாணவப் பருவத்தில் தாம் ஆடிய விளையாட்டுகளை, நாற்பது வயதைத் தொட்டபின் மீண்டும் திறந்து ஆடுவோர் இன்று நம் இல்லங்களிலேயே உள்ளனர். அங்கே அவர்கள் சந்திக்கும் கேள்வி நம் அனைவருக்கும் உரியது.

வேடம் கட்டி ஆடும் ஆட்டம்

கணினி விளையாட்டுகளில் ஒரு வகைக்கு 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒரு கற்பனை நாட்டில் அதற்குரிய வாழ்வை வாழ்கிறார். மதுரைப் பக்கத்தில் 'பார்ட் போடுவது' என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். இவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று, 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மாரோவிண்ட்'. கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒரு கைதி, கடலோரச் சிற்றூர் ஒன்றில் விடுவிக்கப்படுகிறார். அக்கைதியே நாம். அங்கிருந்து எத்திசையிலும் நடக்கலாம், எவரோடும் பேசலாம்.

இவ்விளையாட்டின் கணினிப் பதிப்போடு, அதைத் திருத்தி அமைப்பதற்கான கருவியையும் நிறுவனமே சேர்த்துக் கொடுத்தது. ஆடியவர்கள் தாங்களே ஆக்கி இணைக்கும் இத்தகைய திருத்தங்களை 'மாட்' என்கிறார்கள். மங்கிய ஓவியங்களைத் தெளிவாக்கும் மாட்கள் உண்டு. பிழைகளைக் களைபவை உண்டு. புதிய ஊர்களைச் சேர்ப்பவையும், விதிகளையே மாற்றுபவையும் உண்டு.

அவற்றுட் சிலவற்றின் பின்னால் இருக்கும் உழைப்பு வியக்கத்தக்கது. மூல ஆட்டத்தில் வருவது ஒரு நாட்டின் தீவுப் பகுதி மட்டுமே. எஞ்சிய பெருநிலத்தை உருவாக்க 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற தன்னார்வக் குழு 2001இல், அதாவது விளையாட்டு வெளிவருமுன்பே தொடங்கியது. இருபது ஆண்டுகளைக் கடந்தும் அப்பணி பகுதி பகுதியாகத் தொடர்கிறது. 2004இல் வெளியான 'பிளட்லைன்ஸ்' என்ற வேறோர் ஆட்டத்தை ஆக்கிய ட்ரோய்க்கா நிறுவனம் மறு ஆண்டே மூடப்பட்டது. பிழைகள் மலிந்து கிடந்த அந்த ஆட்டத்தை, அதை நேசித்தவர்களே ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டனர். ஆக்கியோர் கைவிட்டுப் போன துண்டுகளையும் தேடியெடுத்து உரிய இடத்தில் சேர்த்தனர். பிறர் படைப்பின் மீது ஊதியமின்றிச் செலுத்தப்பட்ட இவ்வுழைப்பை அன்பு என்று அழைக்காமல் வேறென்னவென்று அழைப்பது?

ஆயின் மாட்களில் வேறொரு வகையும் உண்டு. மாரோவிண்ட் ஆட்டத்தில், போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. வழியில் சந்திக்கும் ஒருவர், இந்தச் சாலையில் போ, பாலம் கடந்து இடப்புறம் திரும்பு என்பதுபோல் சொல்வார். அதை நினைவில் கொண்டு, சாலையோரப் பலகைகளைப் படித்து, நாமே வழி காணவேண்டும். தொடக்கத்தில் வாள் வீச்சுகள் பெரும்பாலும் தவறும். பயிற்சி கூடினாலன்றிக் கை தேறாது. 'கிளிஃப் ரேசர்' என்ற பறவை போன்ற பிராணி திறந்த வெளியெங்கும் துரத்தி வந்து தாக்கும். இவை ஒவ்வொன்றையும் அகற்ற மாட்கள் உண்டு. வழி தெரியாத துன்பமில்லை, வீச்சு தவறுவதில்லை, துரத்தும் பறவையுமில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டவர் எளிதில் வெல்லலாம். அவர் ஆடியது அதே ஆட்டம்தானா?

தினைப்புனத்துக் கொக்கு

இதற்கு விடை தேட நாம் வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. திருவிழாக் காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை எண்ணிப் பார்ப்போம். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய 'வள்ளி திருமணம்' இன்றும் மேடையேறுகிறது. கூடியிருக்கும் அனைவருக்கும் கதை தெரியும், முடிவும் தெரியும். ஆயினும் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும் நாடகத்தை விடியும்வரை அமர்ந்து பார்க்கிறார்கள்.

அதன் அமைப்பு வியப்புக்குரியது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு வருபவர்கள். ஒரே குழுவினர் அல்லர். கூடி ஒத்திகை பார்ப்பதுமில்லை. நாரதரும் வள்ளியும் தொடுக்கும் தர்க்கம் அன்றைய இரவுக்கே உரியதாகப் புதிதாய்ப் பிறக்கிறது. இது எவ்வாறு இயல்கிறது? மூல நாடகமும் அதன் பாடல்களும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம் என்பதால்தான். பெற்றுக்கொண்டது உறுதியாக இருப்பதால், சேர்ப்பது சுதந்திரமாக இருக்கிறது. மூலத்தை அறியாதவர் மேடையில் சேர்க்கும் புதுமை எதிரே நிற்பவரையும் தடுமாற வைத்துவிடும்.

இந்நாடகத்தில் நுழைந்த சேர்க்கைகளுள் மிகப் பெரியதைத் தந்தவர் திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ். அவர் முருகனாக நடிப்பார். தினைப்புனம் காக்கும் வள்ளியின் வேலை பறவைகளை விரட்டுவது. அக்காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டொன்றை அவர் பாடினார். அந்தக் கொக்கு எந்த நாட்டிலிருந்து பறந்து வந்தது என்பது கூட்டத்துக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற காவலருக்கும் தெரியும். இத்தகைய பாடல்களுக்காக அவர் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், அதே வள்ளி திருமணத்தில், முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர் நீத்தார்.

அப்பாட்டு மூலத்தில் இல்லாதது. ஆயினும் அது கதையைக் கலைக்கவில்லை. புனத்தில் பறவை ஏற்கெனவே இருந்தது. அதை விரட்டும் கவண்கல்லும் இருந்தது. பழைய கதையில் உறங்கிக்கிடந்த ஒரு பொருளைப் புதிய பாட்டு எழுப்பிற்று. அதே நாடகத்தில், கதையை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திரைப்படப் பாட்டும் கொச்சை வேடிக்கையுமாக இரவைக் கழித்துவிடும் மேடைகளும் உண்டு. அதுவும் சேர்க்கைதான். எனினும் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை எவரும் கற்பிக்காமலே கிராமத்து முதியவர் அறிவார்.

தடையா, அழைப்பா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, தனியறையில் ஆடுகிறேன், எவருக்கும் தீங்கில்லை, இதில் அறம் எங்கே வந்தது? நியாயமான கேள்விதான். பிறருக்கு அநீதி இழைக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலும், எளிதாக்குவதெல்லாம் சோம்பலும் அன்று. கண்பார்வை குன்றியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரும் மாட் ஓர் அன்புச் செயல். பகலெல்லாம் உழைத்து, பிள்ளைகள் உறங்கியபின் ஒரு மணி நேரம் கிடைப்பவர் மெதுவான நடையைச் சற்று விரைவாக்கிக்கொண்டால் அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

ஆகவே நாம் வேறுபடுத்திப் பார்க்கவேண்டியது கடினத்தையும் எளிமையையும் அன்று. ஒரு படைப்புக்குள் நுழையவிடாமல் நிற்கும் தடை ஒன்று. அப்படைப்பே நம்மிடம் கேட்கும் உழைப்பு மற்றொன்று. முன்னதை நீக்குவது கதவைத் திறப்பது. பின்னதை நீக்குவது, வீட்டுக்காரரை வெளியேற்றிவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொள்வது. வழி கேட்டு, வழி தவறி, மீண்டும் கண்டடைவதுதான் மாரோவிண்ட் தரும் அனுபவம் என்றால், அம்புக்குறி அங்கே உதவியன்று, இழப்பு.

பின்னாளில் கர்தினாலான நியூமன், கோட்பாட்டின் வளர்ச்சியைப் பற்றி 1845இல் வெளியிட்ட நூலில், உண்மையான வளர்ச்சியைச் சிதைவிலிருந்து பிரித்தறிய ஏழு அடையாளங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று, வளர்ச்சி தனக்கு முந்தையதைக் காக்கும் என்பது. திருச்சபையின் போதனைக்காக அவர் வகுத்த அளவுகோல் விளையாட்டுக்குப் பெரிதுதான். ஆனாலும் பொருந்துகிறது. தீவுக்கு அப்பால் பெருநிலத்தைக் கட்டியவர்கள் அத்தீவை அழிக்கவில்லை. அங்கே போவதற்கு இன்னொரு காரணத்தைத் தந்தார்கள்.

நம் பழக்கமே இங்கு ஆபத்துக்குள்ளாகிறது. எனக்கு இசையாத எதையும் நீக்கிவிடலாம் என்று நாள்தோறும் பழகும் கை, விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. சொன்ன கதையையே பத்தாம் முறை சொல்லும் முதிய தந்தைக்கு மாட் கிடையாது. இருபத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணையின் மௌனத்தை நீக்கவோ, குறையைத் திருத்தவோ ஒரு கருவியும் வட்டில் வருவதில்லை. அங்கே புதுமை வேண்டுமெனில், மறுபடியும் உற்றுக் கேட்பது ஒன்றே வழி. அப்பா இம்முறை எங்கே குரல் தாழ்த்துகிறார், எந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்டுகிறார் என்று கவனித்தால், பத்தாம் முறை கேட்ட கதை முதன்முறையாகப் புரியலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. நூற்றுக்கணக்கான மாட்களைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று முரண்பட்டு ஆட்டம் நின்றுபோக, மீண்டும் வரிசைப்படுத்தியே நாட்களைக் கழிப்போர் பலர். கப்பல் கரை சேர்ந்த சிற்றூரை விட்டு அவர்கள் நகர்வதே இல்லை. புதுப்பித்துக்கொண்டே இருந்து குடிபோகாத வீட்டைப் போன்றது இது. செம்மை செய்வதற்கும் ஒரு முடிவு வேண்டும். பிறகு வாழத் தொடங்கவேண்டும்.

எனவே பழைய ஆட்டத்துக்குத் திரும்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். சிலவற்றை மாற்றுங்கள், மாற்றுமுன் சில மணி நேரம் அதை உள்ளபடியே ஆடுங்கள். அது உங்களிடம் என்ன கேட்கிறது என்பதைக் கேட்டபின், எதை நீக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்யுங்கள். நூறு இரவுகள் மூலப்பாடலைப் பாடித் தேர்ந்த தொண்டையிலிருந்தே கொக்கைப் பற்றிய அந்தப் பாட்டும் எழுந்தது. எல்லாம் என் விருப்பப்படி மாறியபின், மாறாமல் எஞ்சுவது நான் ஒருவனே என்றால், இரண்டாம் முறை ஆடியதால் நான் பெற்றது என்ன?